கத்தாத கருவி

கார்த்திகை, வியாழன் இரவு.

நான் தரகு பேசிவந்த அரியாங்குப்பத்து வீடு இன்று ஒருவழியாக வாடகைக்கு முடிந்தது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

வீட்டுக்காரர் பிரான்சில் இருக்கிறார். அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறதே என்று, புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றைக் கூடத்துக் கூரையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். வீடு பார்க்க வந்த அம்மா அண்ணாந்து, "அது என்னாங்க?" என்றார். பெருமையாக விளக்கிவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறிப் பட்டனை அழுத்தினேன். சத்தமே இல்லை. மூடியைக் கழற்றினால் உள்ளே பேட்டரி இல்லை. சாம்பிராணி போட்டாலே கத்துகிறது என்று பழைய குடித்தனக்காரர் புலம்பியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிடுங்கிப் போட்டிருக்கிறார், பாவி.

"புது பேட்டரி போட்டுத் தர்றேம்மா."

"வேணாங்க. நாங்களும் வெள்ளிக்கெழம ஆனா சாம்பிராணி போடுவோம். இப்ப கத்தாது இல்ல?"

"கத்தாதும்மா."

அவர் முகம் தெளிந்தது. சமையலறையை ஒட்டிய அறையைக் கணவரிடம் காட்டி, "மாமாவ இங்கயே படுக்க வச்சிடலாம்," என்றார். மாமனார் வாதம் வந்து படுக்கையோடு கிடப்பவர். அந்த அறைக்கு ஒரே கதவு, ஜன்னலில் கம்பி.

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். வந்த ஆள் போய்விடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன். திரும்பும் வழியில் பேட்டரி வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை.

நாளை பால் காய்ச்சுகிறார்கள். "நீங்க கண்டிப்பா வரணும்," என்றிருக்கிறார் அந்த அம்மா. பேட்டரியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, எப்படி அந்தப் பாலைக் குடிப்பேன்?