கோணல் கட்டைவிரலுக்கு ஓர் இடம்

ஃபோர்ட் பிராக், கலிஃபோர்னியா
ஜூன் 9

அன்புள்ள லொரெட்டாவுக்கு,

அண்ணி மார்லீன் எழுதுவது. இங்கே இருவரும் நலம். மூடுபனிதான் இன்னும் விலகவில்லை. ஃப்ளோரிடா வெயிலில் இருக்கிறாய், கொடுத்து வைத்தவள்.

உன் பட்டறையில் செய்து அனுப்பிய இரண்டாவது ஜோடி, காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகள், வந்தன. நன்றி என்ற ஒரு சொல் போதாது. முதல் ஜோடி காலைக் கடித்தது என் தவறு. சோபாவில் கண்ணயர்ந்திருந்த உன் அண்ணனின் வெறுங்காலைக் காகிதத்தில் வரைந்து அனுப்பிவிட்டேன். குளிர்கடலுக்குத் தடித்த ரப்பர் காலுறை போடுவார்கள் என்பது, முப்பது வருடம் அதைத் துவைத்துக் காயப்போட்ட எனக்கு உறைக்கவில்லை.

மார்ச்சில் கடல்முள்ளெலி எடுக்கக் கடலில் மூழ்கியபோது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, இவரைப் படகில் தூக்கி வந்தார்கள். அதன்பின் கடல் பக்கமே போகவில்லை. ஆள் பாதியாகிவிட்டார். விறைத்த துடுப்பை உதைக்க அறுபத்திரண்டு வயதுக் காலால் முடியவில்லை. நீ செய்வது போல வளைந்து கொடுப்பதைப் போட வீம்பு விடவில்லை. "வளையுற துடுப்பெல்லாம் வாத்துக்குத்தான்" என்று இவர் சொல்லப்போய்த்தானே, இரண்டு வருடத்துக்கு முன் நன்றிநாள் விருந்தில் பாதிச் சாப்பாட்டில் நீ எழுந்து போனாய். அதனால் கடையில் வாங்கியது என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை கரையில் உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். மாட்டியவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டி, என் கோணக் கட்டைவிரலுக்கு எந்தக் கடைக்காரன்டி இடம் விட்டான்?" என்றார். சின்ன வயதில் அந்த விரல்மேல் நங்கூரத்தைப் போட்டவள் நீயாயிற்றே. நான் வசமாக மாட்டிக்கொண்டேன்.

துடுப்பு மாட்டியவர்கள் பின்பக்கமாக நடந்துதானே இறங்குவார்கள். என்னைப் பார்த்தபடியே இறங்கினார். மூன்று மாதமாக நான் பார்க்காத முகம் அது. இடுப்பளவு நீரில் நின்று, "வாத்து எறங்கிடுச்சுன்னு அவகிட்ட எழுது" என்றார்.

நாற்பது நிமிடம் கழித்து ஒரு பை நிறையக் கடல்முள்ளெலியோடு வந்தார். கால் இழுக்கவில்லை. "பாதி உதைதான் உதைச்சேன், அதுவா போகுது" என்றார். உன் அண்ணன் வாயிலிருந்து இதற்குமேல் எதிர்பார்க்காதே.

நேற்று பரணிலிருந்து உன் பழைய ரப்பர் நீச்சலுடையை இறக்கி, கிழிந்த முழங்காலுக்கு ஒட்டுப் போட்டார். வாசல் கொடியில் தொங்கவிட்டிருக்கிறார். பசை காய்ந்துவிட்டது, லொரெட்டா.

உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

அன்புடன்,
மார்லீன்