திரும்பத் திரும்ப ஏலம்போன சேவல்

நெடுந்தீவு
05.05.2024

அன்புள்ள அண்ணைக்கு,

இங்கு நலம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். தொலைபேசியில் பக்கத்துக் காணிச் சுபேசனின் பெயர் கேட்டதுமே வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் முடியும்வரை வாசிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அவருடைய மகள் நிலுஜாவுக்கு ஐந்து வயது. இருதயத்தில் ஓட்டை. சத்திரசிகிச்சை சென்னையில்தான் என்று முடிவாகிவிட்டது. காசு சேர்க்க நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறோம். உங்களிடம் கேட்பது, தாய், தகப்பன், பிள்ளை மூவரும் தங்க உங்கள் மேல்மாடி அறையை மட்டும்தான். சென்னையில் அவர்களுக்கு வேறு ஒருவரையும் தெரியாது.

உங்கள் தங்கச்சி,
துசாரா

சென்னை
22.05.2024

அன்புத் தங்கச்சி,

ஊருக்காக ஓடித்திரிகிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பிள்ளை பாவம். காசு அனுப்புகிறேன். ஆனால் அப்பா கட்டிய கல்வேலியைச் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் காணிக்குள் தள்ளிக் கட்டியவன் என் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. அந்தக் கவலையோடுதான் அப்பா கண்ணை மூடினார். அடுத்தவருடையதை எடுக்கத்தான் அவனுக்குத் தெரியும். இனி இதைப் பற்றி எழுதாதே.

அன்ரன்

நெடுந்தீவு
15.06.2024

அன்புள்ள அண்ணைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் திருநாளில் கோயில் ஏலம் முழுவதும் நிலுஜாவுக்கு என்று பாதர் அறிவித்தார். மேரிசுகந்தி அக்கா ஒரு சேவல் கொடுத்தார். அதை ஏலத்தில் எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டு, வழமைபோல, "திரும்ப ஏலத்தில விடுங்கோ" என்றார். அடுத்தவரும் அப்படியே. உச்சி வெயிலிலும் சனம் கலையவில்லை. ஊரே அந்தச் சேவலை வாங்கியது, ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஏலம் கூறிய பஸ்ரியாம்பிள்ளை அண்ணைக்குத் தொண்டை கட்டிவிட்டது. சேவலுக்கும்தான்!

அப்போது பின்னாலிருந்து சுபேசன் ஏலம் கேட்டார். கடலுக்குப் போகாமல் பிள்ளையோடு ஆசுபத்திரியில் கிடந்தவரிடம் என்ன இருக்கும்? மிகச் சின்னத் தொகை.

"நீ ஏன் ராசா கேக்கிறாய்? உன்ர பிள்ளைக்குத்தானே சேர்க்கிறம்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை.

"ஓம், என்ர பிள்ளைக்குத்தான். இவ்வளவு சனமும் குடுக்கேக்க நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிக்க ஏலாது அண்ணை."

ஒருதரம். இரண்டுதரம். மூன்றாம் தரம் சொல்லும்வரை அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து காசோடு வந்து நின்றவர்கள்கூட அவருக்கே விட்டுக்கொடுத்தார்கள். அவரும், "திரும்ப விடுங்கோ" என்றார். "ஏலம் முடிஞ்சுது, கொண்டுபோ" என்று பஸ்ரியாம்பிள்ளை அண்ணை சேவலை அவர் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் சனத்துக்கு இப்படியொரு மனம் இருப்பது எனக்கே தெரியாது அண்ணை. நான் விம்மி அழுதுவிட்டேன்.

யூலை நடுப்பகுதியில் பயணம். தங்குவதற்கு லொட்ஜ் தேடுகிறோம். வேலி தள்ளித்தான் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

துசாரா

சென்னை
01.07.2024

அன்புத் தங்கச்சி,

உன் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அவன் ஏலம் கேட்ட இடத்தில் கடிதத்தை அவளிடம் நீட்டிவிட்டேன். மிச்சத்தை அவள்தான் வாசித்தாள்.

லொட்ஜ் தேட வேண்டாம். மேல்மாடியும் சரிவராது, அந்த இருதயத்தோடு பிள்ளையால் படி ஏற முடியுமா? நாங்கள் மேலே போய்விட்டோம். கீழ் அறையைக் கழுவி வைத்திருக்கிறோம்.

வேலிக் கோபம் இன்னும் தீரவில்லை. பிள்ளை சுகமானதும் அவனிடமே நேரில் கேட்பேன்.

விமான நிலையத்துக்கு நானே போகிறேன். வெளியே வந்ததும் பிள்ளையை என் கையில் தரச் சொல். அவன் களைத்திருப்பான்.

அன்புடன்,
அண்ணை