முதலில் தொடுகிற கை

அக்கா,

பேஸ் கிடார் ஆம்ப்பை வாசலில் வைத்துக் காயவிட்டிருந்தேன். முந்தாநாள் கோயில் மேடையில் சாரல் பட்டுவிட்டது. இன்று காலையில்தான் துணிந்து சுவிட்சைப் போட்டேன். எப்படிப் போட்டேன் தெரியுமா? காலில் ரப்பர் செருப்பு, அதற்குக் கீழே காரில் போடுகிற ரப்பர் மிதியடி, இடது கை முதுகுக்குப் பின்னால், வலது கையில் ஒற்றை விரல். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, வெடி வெக்கறீங்களா?" என்றாள். ஒன்றும் வெடிக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே படிந்த தூசி சூடேறி அந்த வாசனை வந்தது.

மேடையில் இந்த வாசனை எழுந்ததும் நீங்கள் மூக்கை உறிஞ்சுவீர்கள். "சாம்பிராணி போட்டாச்சு சாமி, இனி அருள் வந்துரும்" என்பீர்கள். வாசலில் தனியாக நின்று அதை முகர்ந்தபோது உங்களைத் தேடித் திரும்பிப் பார்த்தேன். உங்களிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. சொல்ல நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் பிறவிப் பயந்தாங்கொள்ளி இல்லை அக்கா, எடப்பாடி கல்யாண வரவேற்பில் ஆனவன். அப்போது என்னிடம் இருந்தது சேலத்தில் ஒருவர் அசெம்பிள் செய்து கொடுத்த ஆம்ப். அதன் சத்தத்தில் பந்தல் தகரமே அதிரும், அந்தத் திமிரில்தான் அதை வாங்கினேன். பின்னால் இரண்டே பின் உள்ள பிளக், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்குகிற எர்த்தே கிடையாது. கோரஸ் பாட மைக்கிடம் குனிந்தேன். கை கிடார் கம்பியில், உதடு மைக்கில். அவ்வளவுதான். உதட்டில் ஓங்கி அறைந்தது, கண்ணுக்குள் வெள்ளையாகப் போனது, கையை எடுக்க முடியவில்லை. நான் துள்ளியதைப் பார்த்து ஆடுகிறேன் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அந்த விசில்தான் இன்றைக்கும் கனவில் வருகிறது.

நீங்கள் ஒருவர்தான் பாட்டை நிறுத்தினீர்கள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஓடிப் போய் பிளக்கைப் பிடுங்கினீர்கள். கூட்டத்தில் யாரோ "அந்தம்மாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

அதற்குப் பிறகு எனக்குக் கம்பியைத் தொடவே கை போகவில்லை. அடுத்த கச்சேரியில் கிடாரை மாட்டிக்கொண்டு மரமாய் நின்றேன். எங்கள் குழுவை நடத்துகிற கீபோர்டு அண்ணன் முறைத்தார். நீங்கள் வந்தீர்கள். "நகரு சாமி, நான் பாக்கறேன்" என்று புறங்கையால் கம்பியைத் தொட்டீர்கள். அதே புறங்கையை மைக்கில் வைத்தீர்கள். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் பிடித்து இழுத்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். தொடுவதற்கு முன் என்னைப் பார்த்து, "செத்தா சொல்றேன் சாமி" என்று ஒரு சிரிப்பு. "பயமா இல்லீங்களா அக்கா?" என்று கேட்டேன். "எனக்கென்ன பயம்? நீ வாசி" என்றீர்கள்.

அதுவே வழக்கமாகிப் போனது. கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ, உங்கள் கை பட்ட பிறகுதான் என் கை படும். டிரம்ஸ் தம்பி, "அக்கா பூசை போட்டாச்சா? ஆரம்பிக்கலாமா?" என்று கிண்டல் செய்வான்.

புது ஆம்ப் வாங்கச் சேலத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கரா, பத்து இஞ்ச் இரண்டா, அடித் தொனி வயிற்றில் வந்து இறங்குகிறதா, பேஸ் குமிழைத் திருகினால் குழைகிறதா என்று ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். நீங்கள் கடைக்காரரிடம், "ஏனுங்க, இதையெல்லாம் கொஞ்சம் திருப்பி வெய்யுங்க, பின்னால பாக்கோணும்" என்றீர்கள். "பின்னால ஒண்ணுமில்லீங்கக்கா, ஒயருதான்" என்றார் அவர். "அந்த ஒயரத்தான் பாக்கோணும்." ஒவ்வொரு பிளக்கையும் கையில் எடுத்து, மூன்று பின்னையும் ஆட்டிப் பார்த்தீர்கள். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி! கடைசியில் எனக்குப் பிடித்ததை ஒதுக்கிவிட்டு, இருப்பதிலேயே கனமான ஒன்றைக் காட்டினீர்கள். "அக்கா, இதோட சத்தம் கொஞ்சம் மந்தமுங்க" என்றேன். "உசுரோட இருந்தாத்தான சாமி சத்தம் கேக்கோணும்? இதையே போடச் சொல்லு."

அந்தக் கனத்தை எத்தனை ஊரில் இறக்கி ஏற்றியிருப்போம். ஆம்னி வேனில் பின்சீட்டை மடக்கி வைத்தால்தான் உள்ளே போகும். உங்கள் பழைய இளம்பிள்ளைத் தறிச் சேலையில் அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தீர்கள். கீபோர்டு அண்ணன், "ஆம்ப்பெல்லாம் எதுக்குப்பா, நேரா சவுண்டு மிக்சர்ல சொருகிக்க" என்பார். நீங்கள் விடமாட்டீர்கள். "பேஸ் சத்தம் என் முதுகுல படோணுமுங்க. அப்பத்தான் எனக்குச் சுதி நிக்கும்" என்று ஆம்ப்புக்கு முன்னால் போய் நின்றுகொள்வீர்கள். மந்தமான சத்தம் என்று சொன்னேனே, அது உங்கள் குரலுக்கு அடியில் மெத்தை விரித்த மாதிரி உட்கார்ந்தது. அதை உங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

பிறகு மஞ்சள் காமாலை வந்து நீங்கள் போய்விட்டீர்கள். கரண்ட் எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டிருந்தோம். சனியன் வேறு வழியாக வந்துவிட்டது அக்கா.

உங்களுக்குப் பிறகு மேடை ஏறும்போதெல்லாம் டெஸ்டரும் காலடியில் போட ரப்பர் மிதியடியுமாகத்தான் ஏறுகிறேன். கம்பியில் வைத்து விளக்கு எரியவில்லை என்று பார்த்த பிறகும், வேறு யாராவது கிடாரைத் தொடும்வரை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு நிற்பேன்.

முந்தாநாள் வாழப்பாடிப் பக்கம் மாரியம்மன் பண்டிகை. உங்கள் மகளுக்கு முதல் மேடை. டிரெய்லர் லாரியின் மேல்தான் மேடை போட்டிருந்தார்கள். தளம் முழுக்க இரும்பு, மாலையில் பெய்த சாரலில் பளபளவென்று நனைந்து கிடந்தது. எதிரே அம்மன் சன்னதி என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினோம். ஆம்ப்பைப் போட்டதும் 'கொர்ர்' என்று ஓர் இரைச்சல். நான் கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சவுண்டு சர்வீஸ் ஆள், "ஒரு நிமிசமுங்க" என்று கட்டிங் பிளேயரை எடுத்து, பிளக்கின் பருமனான எர்த் பின்னைக் கடக்கென்று ஒடித்துப் போட்டார். நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த அந்தப் பின்னை! இரைச்சல் நின்றுவிட்டது. "இப்ப எப்படி இருக்குது?" என்று பெருமையாகக் கேட்டார். நல்லா இருக்குது என்றார்கள் எல்லோரும்.

நான் மிதியடி மேல் ஏறிக்கொண்டேன். டெஸ்டரைக் கம்பியில் வைத்தேன். எரிந்தது. குனிந்து லாரியின் இரும்பில் வைத்தேன். அங்கேயும் எரிந்தது. ஆம்ப்பிலிருந்து கசிந்த கரண்ட் தளம் முழுக்க நிற்கிறது. மைக் ஒயர் கீழே மண்ணில் இருக்கிற மிக்சருக்குப் போகிறது. உங்கள் மகள் வெறுங்காலோடு ஈர இரும்பின் மேல் நடந்து மைக்கை எடுக்கப் போகிறாள், எடுத்தால் கரண்ட் அவள் உடம்பு வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். ஐயோ அக்கா, அந்த நேரம் எனக்கு எடப்பாடி விசில் கேட்டது.

"தொடாதே!" என்று கத்தினேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அவள் நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். ரப்பர் மிதியடி மேல் நின்றுகொண்டு, ஒயரைச் சுண்டி பிளக்கைப் பிடுங்கினேன். கீபோர்டு அண்ணன் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்தார். "கமிட்டிக்காரங்க பாக்கறாங்க, மானத்த வாங்காத. அம்மன் பொறப்பட்டு வர்ற நேரம்."

"வேற பிளக் மாத்தோணுமுங்க. எர்த் அடிக்கோணும். இல்லாட்டி நான் வாசிக்க மாட்டேன். அந்தப் புள்ளையும் பாடாது." பிளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பயந்தாங்கொள்ளி" என்றார்.

"ஆமாங்கண்ணா" என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். புது பிளக் போட்டு, ஈர மண்ணில் கம்பி இறக்கி எர்த் கொடுத்தார்கள். லேசாக இரைச்சல் திரும்ப வந்தது. டெஸ்டர் எரியவில்லை. தவில் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், என் கை மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

உங்கள் மகள் பக்கத்தில் வந்தாள். "அம்மா இருந்திருந்தா மொதல்ல தொட்டிருப்பாங்கல்ல மாமா?"

"உங்கம்மாவுக்கு என்ன கண்ணு, பயம்னா என்னன்னே தெரியாது."

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அம்மாவுக்கா? ஊட்ல மிக்ஸி போடக்கூட நாந்தான் வரோணும் மாமா. சுவிட்சுகிட்டயே போக மாட்டாங்க. எடப்பாடியில உங்களுக்கு அடிச்சுதில்லீங்களா, அன்னைலருந்து கரண்டுன்னாலே அம்மாவுக்குக் கை உதறும்."

அன்றிலிருந்தா அக்கா? நான் பயந்த அதே நாளிலிருந்தா? அப்புறம் எப்படி ஒவ்வொரு மேடையிலும் எனக்கு முன்னால் கையை நீட்டினீர்கள்? அந்தச் சிரிப்பை நான் தைரியம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிதியடியை விட்டு இறங்கினேன். ஈர இரும்பு உள்ளங்காலில் ஜில்லென்றது. "நகரு கண்ணு" என்றேன். "செத்தா சொல்றேன் சாமி" என்று வாய் தானாகச் சொன்னது. புறங்கையைக் கம்பியில் வைத்தேன். பிறகு மைக்கில் வைத்தேன்.

ஒன்றுமில்லை. இரும்பின் குளிர்ச்சி மட்டும்தான். நான் சிரித்தேன், கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். நடுங்கிய கையைக் கிடாருக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அவள் மைக்கை எடுத்தாள். போய் எங்கே நின்றாள் தெரியுமா? ஆம்ப்புக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. நான் முதல் சுரத்தைத் தட்டுவதற்கு முன் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"பயமா இல்லீங்களா மாமா?"

"எனக்கென்ன பயம்? நீ பாடு" என்றேன்.