நாடியும் நாடும்

மார்ச் 4

கவிஞனுக்கு,

இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாடாளுமன்ற வாசலில் உன் வரியைக் கல்லில் வெட்டுகிறார்களாம்.

நீ எழுதியது, ‘என் நாடி துடிக்கும்வரை பாடுவேன்.’ அச்சில் வந்தது, ‘என் நாடு துடிக்கும்வரை பாடுவேன்.’ மெய்ப்புப் பார்த்தவன் நான். மறுநாள் நானே போய் ஒப்புக்கொண்டேன். “கண்ணு எதுக்குய்யா வச்சிருக்க? கிளம்பு!” என்றார் அச்சக முதலாளி. நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எந்த அச்சகமும் என்னைச் சேர்க்கவில்லை. உனக்கு மாலைகள், எனக்கு டுடோரியலில் இலக்கண வகுப்பு.

பத்திரிகைக்கு எழுதப் போகிறேன். முன்கூட்டிச் சொல்லிவிடுவது முறை.

கல்லூரியில் நீ பட்டப்பெயர் வைத்த,
சந்திப்பிழை


மார்ச் 9

அன்புள்ள சந்திப்பிழை,

இத்தனை திட்டியும் ஓர் ஒற்றுகூடத் தவறவில்லையே, பாவி!

அன்று பேசாததற்குச் சாக்கு இல்லை. அந்த வரியைப் பார்த்தபின் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை, நீ உட்பட. நான் எழுதியது என்னைப் பற்றி. உன் பிழை எல்லாரையும் பற்றி. அந்த வரிக்காகச் சிறையில் கிடந்த ஆறு வருடமும் உன் ஓர் எழுத்துக்குத் தகுதியாக மீதிப் பாட்டை எழுதத்தான் முயன்றேன்.

நடந்ததை எழுதி, முழுப்பெயரோடு கையெழுத்திட்டு அனுப்பு. திறப்பு விழா மேடையில் நானே வாசிக்கிறேன்.

இன்னும் தளை தட்டும்,
உன் தோழன்


மார்ச் 15

அன்புள்ள தோழனுக்கு,

நீ கேட்டதை எழுதுமுன் கல்லைப் பார்க்கப் போனேன். கல் வெட்டுபவருக்கு இருபது வயதுதான் இருக்கும்; புருவமெல்லாம் தூசி.

“என்ன சார் தேடறீங்க?”

“பிழை இருக்கான்னு பாக்கறேன்.”

“இதுல போய் பிழையா? எங்கம்மா இதைப் பாடித்தான் என்னைத் தூங்க வைப்பாங்க. இந்த ‘டு’வுக்கு மட்டும் ரெண்டு நாள் ஆச்சு. சுழி தப்பினா மொத்தக் கல்லும் போச்சு!”

சொல்லிவிட்டு உளியின் தட்டலுக்கேற்பப் பாட ஆரம்பித்தார். கல் சுமந்தவர்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். முதல் வரியிலேயே காதைப் பொத்திக்கொள்கிறவன் நான். நேற்றுத்தான் பாட்டை முழுதாகக் கேட்டேன். என் கவனக்குறைவிலிருந்தா இவ்வளவையும் எழுப்பினாய்? அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறதடா.

கோபம் தீர்ந்துவிட்டதாக நினைக்காதே. அன்று நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஆனால் என் பெயரை மேடையில் சொன்னால், அந்த அம்மா பாடியது அன்றைக்குத்தான் பிழையாகும். பத்திரிகைக்கும் எழுதப் போவதில்லை.

பெயரில்லாத கடிதத்தை எந்த மேடையிலும் வாசிக்க முடியாது. அதனால் கையெழுத்துப் போடாமல், இப்படியே தபாலில் சேர்க்கிறேன்.