மண்ணோடு வந்த ஆர்க்கிட்

என் பிரியமான செல்லம்மா அண்ணிக்கு,

பழைய வீட்டை இடித்தாயிற்று. உங்கள் மகன் கான்கிரீட் வீடு கட்டுகிறான். கொல்லையில் உங்கள் ஆர்க்கிட் இருந்த இடத்தில்தான் செப்டிக் டேங்க் வரும் என்றார் மேஸ்திரி. நானே இடம் மாற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நினைவிருக்கிறதா அண்ணி? மிராசுதார் மனையில் குடியிருந்தபோது ஒரு முருங்கைக் கொம்பு ஊன்றினால்கூட, "மரம் வச்சு இடத்தைப் புடிக்கப் பாக்கிறியா?" என்று காரியக்காரர் பிடுங்கி எறிவார். பிறகு சட்டம் வந்தது, குடியிருந்த மனைக்கே பட்டா கொடுத்தார்கள். தெருவே முருங்கையும் வாழையும் நட்டது. நீங்கள் மட்டும், வாய்க்கால் தூர்வாரியபோது வெட்டுப்படவிருந்த இந்தக் கிழங்கைக் கொண்டுவந்தீர்கள். அதற்கு ஆர்க்கிட் என்று பேர் இருப்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்?

"திங்க முடியுமா, விக்க முடியுமா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"பாக்கலாம்ல" என்றீர்கள்.

அந்த முதல் கிழங்கைக் கொன்றது நாம்தான். நாற்றுப் பறித்துப் பழகிய கைகளாயிற்றே. வேரைத் தண்ணீரில் அலசி, காலில் தட்டி, துளி மண் இல்லாமல் நட்டோம். அழுகிப்போனது. நீங்கள் மறுபடி கரைக்குப் போய், இன்னொன்றை ஒரு கூடை மண்ணோடு தலையில் சுமந்து வந்தீர்கள். தெருவே சிரித்தது, நானும்தான்.

"மண்ணை விட்டுட்டு வான்னா எப்படி வரும்? நம்ம வருவமா?" என்று கேட்டீர்கள்.

அந்த வேர் தன் மண்ணிலுள்ள பூஞ்சையை நம்பித்தான் பிழைக்கிறது என்று, ஆசிரியையாகி எத்தனையோ வருடம் கழித்து நான் புத்தகத்தில் படித்தேன். பள்ளிக்கூடமே போகாத உங்களுக்கு அதை யார் சொன்னார்கள்?

மாசியில் மண்வெட்டியோடு உட்கார்ந்தேன். பாருங்கள், கிழங்கு கையில் வந்ததும் விரல்கள் தானாக மண்ணைத் தட்டப் போயின. சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

"அத்தை, மண்ணைக் கொட்டிட்டுத் தூக்குங்க, லேசா இருக்கும்" என்றான் உங்கள் மகன். கொட்ட விட்டேனா நான்? வேலியோரம் மூன்றடி இடம் ஒதுக்கி, மண்ணோடு நட்டேன்.

பங்குனி முழுக்க ஒன்றும் தெரியவில்லை. கொன்றுவிட்டேனோ என்று தினமும் போய் நின்றேன். இன்று காலை, ஓர் இலைகூட இல்லாமல், விரல் நீளத் தண்டு ஒன்று மொட்டோடு நிற்கிறது. அழுதுவிட்டேன் அண்ணி.

பட்டா அன்று அண்ணன் பேரில் வந்தது, நீங்கள் இருவரும் போய்ச் சேர்ந்தபின் இப்போது மகன் பேரில் இருக்கிறது. உங்கள் பேர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அது அப்போது நமக்கு உறைக்கக்கூட இல்லை. நான் இருக்கும்வரை அந்த மூன்றடியில் யார் மண்வெட்டியும் படாது. யார் கேட்டாலும் அது செல்லம்மா இடம் என்றுதான் சொல்வேன்.

மண்கூடையைப் பார்த்துச் சிரித்த
உங்கள் நாத்தனார்,
வசந்தா