பெட்டிக்கு வைத்த குங்குமம்

ஜூலை 9, இரவு. கல்பாக்கம்.

வெள்ளிக் கோளுக்கு அனுப்பவிருக்கும் கருவிப்பெட்டியை இன்று உலையில் வைத்துச் சோதிக்கத் தொடங்கினோம். ஈயமும் உருகும் சூட்டை அது தாங்க வேண்டும். மூடும் முன் டெக்னீஷியன் ஏழுமலை அண்ணன் வழக்கம்போல் பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். கொஞ்சம் உதிர்ந்து மூடி பொருந்தும் விளிம்பில் விழுந்தது போல் எனக்குப் பட்டது. அங்கே துளி தூசி இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே கசியும்.

உலை சூடேறத் தொடங்கிய பிறகுதான் என் வாய் திறந்தது. "சார், நிறுத்துங்க."

"இன்னாம்மா, சாமி குங்குமம் உனுக்கு குப்பையா கீதா?" என்றார் அண்ணன்.

சோதனையை நடத்தும் சார் உடனே உலையை நிறுத்திவிட்டார். "ஆறட்டும். காலைல நீயே வந்து திற."

விளிம்பில் குங்குமம் இல்லாவிட்டால் எல்லோருடைய உழைப்பும் என்னால் வீண். இருந்தால், இனி அண்ணனைப் பெட்டியைத் தொட விடமாட்டார்கள். எது நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்வது?