கரைக்குப் பாய்ந்தவள் எழுதுகிறேன்

போன செவ்வாய்க்கிழமை தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தியின் விடைத்தாளில் நீ நின்றுகொண்டிருந்தாய்.

அசையாமல் நிற்கும் தோணியிலிருந்து ஒருவர் கரையை நோக்கிப் பாய்கிறார். தோணி என்ன வேகத்தில் பின்னால் போகும்? வருடா வருடம் நான் கேட்கிற கேள்வி. பாய்கிறவரின் திணிவு, அவர் பாயும் வேகம், தோணியின் திணிவு, இந்த மூன்றையும் கொடுத்தால் போதும். அந்தப் பிள்ளை கணக்கைச் சரியாகத்தான் செய்திருந்தாள். ஆனால் பக்கத்தில் கீறிய படத்தில், தோணியின் பின்பக்கம், கையில் கம்போடு இன்னோர் ஆள் நின்றார். கேள்வியில் அப்படி ஒருவர் இல்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"ஆள் இல்லாம தோணி எப்பிடி டீச்சர் கரைக்கு வந்த?" என்றாள்.

வாவிக்கரைப் பிள்ளை. முழுப் புள்ளியும் போட்டுக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். வெகுநேரம் அடுத்த தாளை எடுக்க முடியவில்லை.

நம் இருவருடைய வீடும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். உயர்தர வகுப்பு வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில். உன் அப்பா விடியுமுன் மீன்பிடித்துத் திரும்பியதும் தோணியை நமக்கு விட்டுத் தருவார். நீ பின்னால் நின்று கம்பை ஊன்றித் தள்ளுவாய். நான் முன்னால் புத்தகங்களை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பௌதிகவியல் வகுப்பில் பாதிதான் விளங்கும். மீதியை நீ தண்ணீரில், வாய்க்கு வாய் என்னைக் 'கா' என்று கூப்பிட்டபடி விளங்கப்படுத்துவாய்.

"நாம சேத்தப் பின்னால தள்ளுறம், சேறு நம்மள முன்னால தள்ளுது. இவ்வளவுதான் கா மூண்டாம் விதி."

வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும் என்பதை நான் நம்பவே மாட்டேன் என்று நின்றேன். நீ வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை எடுத்து வந்து, கரைச் சேற்றில் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு முறையும் தலைக்கு மேலிருந்து ஒரு முறையும் விழவிட்டாய். "விழக்குள்ள வேகம் ரெண்டு மடங்குதான் கா. குழியப் பார்" என்றாய். விரலை விட்டுப் பார்த்தேன். முதல் குழியில் நகம் மட்டும் மறைந்தது. மற்றதில் பாதி விரல் போனது. அதன்பிறகு நான் அந்தச் சமன்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

உயர்தரப் பரீட்சைக்கு முன் வைக்கும் முன்னோடிப் பரீட்சையில் நீதான் முதல். நான் உனக்குப் பின்னால், மிகவும் தள்ளி. பௌதிகவியல் சேர் எல்லோர் முன்னாலும் உன் தாளைத் தூக்கிக் காட்டி, "இந்தப் புள்ள எஞ்சினியரா வரும், இருந்து பாருங்க" என்றார். அன்று திரும்பும்போது நான் உன்னோடு பேசவில்லை. "என்ன கா, வயித்துக் குத்தா?" என்று இரண்டு தரம் கேட்டாய். கரைக்கு இன்னும் இரண்டு முழம் இருந்தது.

"பொறு கா, கட்டினாப் பிறகு இறங்கு" என்றாய்.

மழையில்லை. இருட்டவுமில்லை. எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. நீ சொன்னதைக் கேட்கக்கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. இருந்த கோபம் முழுவதையும் காலில் வைத்து, பலகையை உதைத்துப் பாய்ந்தேன்.

நான் கரையில் நின்றேன். தோணி பின்னால் போனது. உன் கால்கள் தோணியோடு போயின. உடம்பு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்த்தது. பஸ் பிரேக் போடும்போதெல்லாம் எனக்கு நீ விளங்கப்படுத்திய சடத்துவம். முன்பக்கமாக விழுந்தாய். வலது கை குறுக்குப் பலகையில் அடிபட்ட சத்தம் கரைக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரிக்கு உன் அப்பா ஈரச் சாரத்தோடு ஓடி வந்தார். "எப்பிடி விழுந்த?" என்று உன்னைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "பலகை வழுக்கிட்டு மாமா."

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபமிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும். பிறகு அவரைப் பார்த்து, "ஓம் அப்பா, வழுக்கிப்போச்சு" என்றாய்.

மூன்று கிழமையில் பரீட்சை. மணிக்கட்டில் இரண்டு எலும்பும் உடைந்திருந்தன. நீ சொல்லச் சொல்ல உனக்காக இன்னொருவர் எழுதலாம் என்பதை அறிந்து சொல்ல நமக்கு ஒருவரும் இருக்கவில்லை. நான் உன்னுடைய கொப்பியைப் படித்துவிட்டுப் போய் எழுதினேன். அதைக் கொண்டுவந்து தந்ததும் நீதான், இடது கையால்.

"அடுத்த வருசம் எழுதலாம் கா" என்றாய். ஆனால் அந்த மாதமே உன் அப்பா மீன்பிடியை விட்டார். தோணியையும் விறகாகக் கொத்திப்போட்டார். பழைய தோணி, உக்கியிருக்கும் என்று நினைத்தோம். அவர் கிரான் பக்கம் வட்டைகளில் கூலிக்கு வயல் வேலை செய்யப் போனார். அது வீட்டுச் செலவுக்குக் காணவில்லை. நீ காத்தான்குடியில் ஒரு புடைவைக் கடைக்கு வேலைக்குப் போனாய். நான் பல்கலைக்கழகம் போனேன்.

பிறகு நீ தேற்றாத்தீவில் கலியாணம் முடித்து, வீட்டோடு ஒரு தையல் கடை வைத்தாய். ஒருநாள் சட்டை தைக்கக் கொடுக்கும் சாட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று வந்தேன். நீ என் தோளளவை எடுத்தபடி கேட்டாய்.

"தோணியால பாயிற கணக்கு இப்பவும் பாடத்தில இருக்கா?"

"இருக்கு."

"நல்லா விளங்கப்படுத்து கா. அதுக்குத்தான் புள்ளையள் பயப்பிடுற."

உன் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகப் பொருந்தியிருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயைத் திறந்தேன். யாரோ தைத்த துணி வாங்க வந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் போனபின்னும் திறக்கவில்லை. அதை மறைக்க விருப்பமில்லை.

இந்த வைகாசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஏழு நாள்தான். செத்த வீட்டில் நான்தான் எல்லோரிலும் சத்தமாக அழுதேன். "கூடப் படிச்ச புள்ள, தாங்க ஏலாமக் கிடக்கு" என்று என்னைத் தேற்றினார்கள். அந்தத் தேற்றலையும் வாங்கிக்கொண்டேன்.

நேற்றுப் படுவான்கரைக்குப் போனேன். இப்போது பாலம் இருக்கிறது. பஸ்ஸில் கால் மணித்தியாலம். உன் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது, என் குரலை வைத்துத்தான் பிடித்தார். முற்றத்தில் அவருக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து, முன்னோடிப் பரீட்சையிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். அடித்தால் வாங்கிக்கொள்வதென்றுதான் போயிருந்தேன்.

அவர் முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். பிறகு கேட்டார்.

"அப்ப பலகையில வழுக்கல் இருக்கல்லியா?"

"இல்ல மாமா. நான்தான் உதைச்சுப் பாய்ஞ்ச."

"அண்டைக்கு விடிய இறால் கனக்கப் பட்ட, மகள். அலுப்பில பலகையக் கழுவாம விட்டுட்டு வந்து படுத்திட்டன். புள்ள வழுக்கிட்டு எண்டக்குள்ள என்ட பிழைதான் எண்டு இல்லாம எனக்கு வேற என்ன நினைக்க வரும்? மறுகா அந்தத் தோணியில கால் வைக்க ஏலாமப் போயிட்டு. கோடாலியால கொத்தின."

உன் கையை முறித்தது நான் என்று தெரியும். உன் அடுத்த வருடத்தையும் அதற்கடுத்த எல்லா வருடங்களையும் முறித்தது, ஆஸ்பத்திரியில் நான் சொன்ன மூன்று சொல் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பரீட்சைத் தாள்களில் எத்தனையோ விசைகளுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறேன். அந்த மூன்று சொல் தள்ளிய ஆளை இருபது வருடமாக நான் பார்க்கவேயில்லை.

"நான் இப்பிடி நினைச்சது அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது மாமா. தெரிஞ்சிருந்தா அண்டைக்கே உண்மையச் சொல்லியிருப்பாள்."

தலையாட்டினார். நீ அப்படித்தான் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமில்லை. எனக்காக நீ சொன்ன பொய் உன் அப்பாவைத் தின்கிறது என்று அறிந்திருந்தால் ஒருநாளும் பொறுத்திருக்க மாட்டாய். நான் வாய் திறந்திருந்தால் நீயும் அறிந்திருப்பாய்.

அவர் ஏசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. எழும்பியபோது கையை நீட்டி என் தோளைத் தடவிப் பிடித்தார்.

"நாளைக்கும் வருவியா மகள்?"

"வாறன் மாமா. என்ன வேணும்?"

"ஒண்டும் வேணாம். வந்து அந்தப் பலகை வழுக்கல்ல எண்டத இன்னொருக்காச் சொல்லு."

இன்றும் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்.